அடிமட்டும் இறைத்த கிணறு

என் அத்தான் யோகலிங்கம் எந்த வேலையைத் தொடங்கினாலும், அதில் என்னென்ன பிழைக்கக்கூடும் என்றுதான் முதலில் யோசிப்பார். விதைக்கிற அன்று வெள்ளத்தை யோசிப்பார். வெட்டுகிற அன்று மழையை யோசிப்பார். கோவிலுக்குப் போனால் சாமியைவிடச் செருப்பைத்தான் கூடுதலாக யோசிப்பார். என் தமக்கை விமலேஸ்வரி அவரைக் கட்டிய நாளிலிருந்து அவருக்கும் அவருடைய யோசனைகளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார்.

பகிடி பண்ணுகிறேனே தவிர, அவருடைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் வவுனியா அகதி முகாமில் இருந்தபோது அவருடைய ஒரே மகள் கிருசாந்தி சின்னப் பிள்ளை. வயிற்றோட்டம் பிடித்துக் கண்கள் உள்ளே போய், நாக்கு வறண்டு, தகப்பனின் மடியில் கிழிந்த துணி மாதிரிக் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் அத்தான் அந்த மடியிலிருந்து அவளை இன்னும் இறக்கிவிடவில்லை என்றுதான் நான் சொல்வேன். அன்றிலிருந்து தண்ணீர் என்றால் அவருக்கு ஒரு சந்தேகம். கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் அவர் குடித்ததை நான் கண்டதில்லை.

நாங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள். எங்கள் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். அக்காவும் நானும் இந்த வாய்க்கால் ரோட்டில் பிறந்து வளர்ந்தோம். அத்தான் அப்படியில்லை. அவர் உரும்பிராய்க்காரர். தொண்ணூற்றைந்து யுத்த இடம்பெயர்வில் ஒரு சைக்கிளோடு இங்கே வந்து, பிறகு அக்காவைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். ஊரை விட்டு வந்தாலும் ஊர்க் கிணற்றை விட்டு வரவில்லை. அவர்களுடைய பக்கத்தில் நிலத்தைக் கிண்டினால் கல். கிணற்றின் பக்கமும் கல், அடியும் கல். வருடத்துக்கு ஒருமுறை கிணற்றை அடிமட்டும், ஒரு சொட்டு மிஞ்சாமல், இறைத்து, ஒருவர் உள்ளே இறங்கிச் சேற்றை வாரி, பக்கங்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஏறுவார். கல் வெடிப்புகளுக்குள்ளால் ஊற்று சுரந்து அன்றைக்கே கிணறு நிரம்பும். அந்தப் புதுத் தண்ணீரை முதலில் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். கிணறு சுத்தம் என்றால் அத்தானுக்கு அது ஒன்றுதான்.

எங்கள் மண்ணில் அது சரிவராது. மேலே கொஞ்சம் களி, கீழே மணல். கிணற்றுக்குக் கொங்கிறீற் வளையங்களை இறக்கித்தான் பக்கத்தைத் தாங்கவைக்கிறோம். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள நீக்கலால் தண்ணீர் வரும். எந்தத் தண்ணீர் என்று அது பார்த்து விடுவதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மாவின் வீடு. அவருடைய தாய் தகப்பன் எழுபதுகளில் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அழகம்மா தனி மனுசியாக நின்று கச்சான் கடலை போட்டு, கோழி வளர்த்து, இரண்டு பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர். அவருடைய மலசலகூடம் வேலியோரம் இருக்கிறது. அத்தானின் கிணற்றடியில் நின்றால் அதன் தகரக் கதவு தெரியும். அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்தே அத்தானுக்குப் பாதி ஆயுள் போயிருக்கும். குழியை மாற்றச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டார். அழகம்மாவின் வீட்டுத் தண்ணீரோ தேத்தண்ணியோ அவர் வாயில் பட்டதில்லை. கேட்டால் குழிதான் காரணம் என்பார். குழி வெட்டுவதற்கு முன்பும் பட்டதில்லையே என்று நான் ஒருநாள் சொல்லிக்காட்டினேன். அவர் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

போன கார்த்திகையில் கிருசாந்தி எட்டாம் மாதக் கர்ப்பிணியாகத் தாய் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். மருமகன் வேலைக்காகக் கட்டாரில். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மழை வந்தது. இரணைமடு நிரம்பி வழிய, எங்கள் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. வயலா ரோட்டா வளவா என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். கிணற்றுக் கட்டுக்கு மேலால் வெள்ளம் போனது. மலசலகூடக் குழிகள் நிரம்பி மிதந்தன. யாருடைய குழி என்றில்லை, எல்லாருடையதும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அத்தானின் கிணறு தேத்தண்ணி நிறத்தில் நின்றது. செத்த ஓணான் ஒன்றும் மிதந்தது.

எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிரதாபன் சேற்றுக்குள்ளால் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். இளம் ஆள், பொறுமைக்காரர். அத்தானின் கையில் குளோரின் தூள் பொதி ஒன்றைக் கொடுத்தார்.

"ஐயா, இப்ப நிலம் முழுக்கத் தண்ணி ஊறிப்போய்க் கிடக்கு. கிணத்துக்குள்ள நிக்கிற தண்ணிதான் வெளியில நிக்கிறதைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. நீங்கள் அடிமட்டும் இறைச்சியள் எண்டா, நாலு பக்கத்தாலயும் உள்ளுக்கு இழுக்கும். குழித் தண்ணியையும் சேத்துத்தான் இழுக்கும். இந்த மருந்தைக் கரைச்சு ஊத்தி நிக்கவிடுங்கோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறையுங்கோ. நிலத்தில தண்ணி இறங்குமட்டும் கொதிக்கவைச்சுத்தான் குடிக்கவேணும்."

"ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார் அத்தான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அக்கா கொதிக்கவைத்தார். காஸ் முடிந்திருந்தது, ரோட்டு அடைபட்டதால் கடைக்கும் வரவில்லை. விறகு முழுக்க ஈரம். குசினிக்குள் புகை மண்டி, ஆளை ஆள் தெரியாது. கிருசாந்தி அறைக்குள் படுத்திருந்து இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் அத்தான் கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருந்தார்.

"இஞ்சேரும், இந்தப் புகை பிள்ளைக்குக் கூடாது. வயித்துக்குள்ள இருக்கிறதுக்கு மூச்சு வேண்டாமே?"

"அப்ப கொதிக்கவைக்காமல் குடுக்கச் சொல்லுறியளே?" என்று அக்கா கேட்டார்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கிணறு சுத்தமானால் ஏன் கொதிக்கவைக்க வேண்டும்? குளோரின் போட்டால் சுத்தமாகும். ஆனால் குளோரின் மருந்துதானே? மூக்கில் பட்டாலே எரிகிறதே, கருவில் இருக்கிற குழந்தைக்கு என்ன செய்யுமோ? பொதியை எடுத்துக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்துவிட்டார். புகைக்குப் பயந்து கொதிக்கவைப்பதை விட்டார், மருந்துக்குப் பயந்து மருந்தை விட்டார். மிஞ்சியது உரும்பிராய் வழி. அது அவருக்குப் பயமே இல்லாத வழி, ஏனென்றால் அவருடைய அப்பா செய்த வழி.

நான் அன்று வயலில் உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் கிணற்றடியில் வாட்டர் பம்ப் சூடு ஆறிக்கொண்டிருந்தது. அத்தான் முழங்காலுக்கு மேல் சேறு. இறைத்து முடித்து, தானே உள்ளே இறங்கி, வாளி வாளியாகச் சேறு வாரி, வளையங்களைத் தேங்காய்த் தும்பால் தேய்த்திருக்கிறார். கிணறு திரும்ப நிரம்பிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க ஏறியது.

"என்ன ஊற்று எண்டு பாத்தியே மச்சான்? எங்கட ஊர்க் கிணறு தோத்துது."

அந்த வேகத்தைக் கண்டு நான் கிணற்றுக் கட்டில் குனிந்து உள்ளே பார்த்தேன். "அத்தான், பிரதாபன் அடிமட்டும் இறைக்கவேண்டாம் எண்டல்லோ சொன்னவர்" என்றேன்.

"அவன் படிச்ச பெடியன், புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுறான். தண்ணியைப் பார். கண்ணாடி."

கண்ணாடிதான். அதை நான் மறுக்கமாட்டேன். மணலுக்குள்ளால் வடிந்து வந்த தண்ணீரில், அடியில் கிடந்த வாளியின் கைப்பிடிகூடத் தெரிந்தது. அத்தான் ஒரு செம்பு அள்ளி, சாமி விளக்கடியில் வைத்து எடுத்துவந்து, முதல் கிளாசை மகளிடம் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிப் பிள்ளை?"

"நல்லாயிருக்கப்பா" என்றாள் கிருசாந்தி.

அன்றிரவு அவர் குறட்டை விட்டுத் தூங்கியதாக அக்கா சொன்னார். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. ஒருவேளை அவருடைய பயம் எனக்கும் தொற்றிவிட்டதோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சில நாளில் கிருசாந்தி குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். கர்ப்பிணிக்குச் சத்தி புதினமில்லை என்று அக்கா நினைத்தார். பிறகு வயிற்றோட்டம், பிறகு குலைப்பன் மாதிரி உடம்பை நடுக்கிக்கொண்டு காய்ச்சல். நான் உழவு மெசினின் பெட்டியில் மெத்தை போட்டு அவளை ஏற்றினேன். ரோட்டின் பள்ளங்களில் இன்னும் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அத்தான் "மெல்லமா, மெல்லமா" என்றார். அதைவிட மெல்லமாக ஓட்டுவதென்றால் மெசினை நிற்பாட்டத்தான் வேண்டும். திரும்பிப் பார்த்தபோது அவளுடைய உதடு வெடித்திருந்தது. அவர் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். நான் திரும்பவும் பார்க்கவில்லை.

கிளிநொச்சி வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதால் நாளுக்கு முந்தியே பிரசவ வயிற்றுக்குத்து தொடங்கியிருக்கிறது என்றும், அதை நிற்பாட்ட மருந்து கொடுத்திருக்கிறோம் என்றும், பிள்ளை இன்னும் கொஞ்ச நாளாவது உள்ளே இருந்தால் நல்லது என்றும் டொக்டர் சொன்னார். நின்றுவிடுமா என்று அத்தான் கேட்டார். பார்ப்போம் என்றார் டொக்டர். அத்தானுக்குச் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருக்கிறதென்றால் அது அந்தச் சொல்தான்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்தவர் நேரே வேலிக்குப் போனார். "இப்ப சந்தோசமே அழகம்மா? உங்கட குழிதான் என்ர பிள்ளையைக் கொல்லப் பாக்குது" என்றார்.  எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, அறைந்துவிட வேண்டும்போலக் கோபமும் வந்தது.

அழகம்மா கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தவர், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கிருசாந்தி பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். பிறகுதான் அத்தானைப் பார்த்தார். "ஐயா, எங்க குழின்னா நானே மண்ணப் போட்டு மூடிடுறேன். ஆனா எங்க குழிதான்னு யாரு பாத்தது?"

வைத்தியசாலையிலிருந்து தகவல் போய்ப் பிரதாபன் மறுநாள் வந்தார். கிணற்றுத் தண்ணீரைச் சின்னப் போத்தலில் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அத்தான் அழகம்மாவின் தகரக் கதவைக் கையால் காட்டினார். பிரதாபன் கதவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அழகம்மாவின் வளவு பள்ளம். அத்தானின் கிணறு அதைவிட மேடு. கிணற்றையும்விட மேட்டில், ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், அத்தானுடைய சொந்த மலசலகூடம் இருந்தது.

"சாயம் போட்டுப் பாக்கலாம்" என்றார் பிரதாபன். "குழிக்குள்ள ஊத்தினா, வழி இருந்தால் கிணத்தில வரும்."

"மொதல்ல எங்க குழியில ஊத்துங்க சார்" என்றார் அழகம்மா. "எல்லாரும் பாக்கட்டும்."

அவருடைய குழியில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். கிணற்றை இடைக்கிடை கொஞ்சம் இறைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் போயும் தண்ணீரில் ஒரு நிறமும் இல்லை. அத்தான் கிணற்றடியை விட்டு நகரவில்லை. வைத்தியசாலைக்குப் போவதும் கிணற்றடியில் நிற்பதும்தான் அவருடைய வேலை. நிறம் வரவேண்டும் என்று ஒரு மனிதன் அப்படிக் காத்திருந்ததை நான் முன்பு கண்டதில்லை. மூன்றாம் நாள் பிரதாபன் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய், வேறு நிறச் சாயம் ஒன்றை அத்தானின் குழிக்குள் ஊற்றினார்.

அடுத்த நாள் காலை அக்காதான் முதலில் கண்டார். கத்தவில்லை. என்னை வந்து கூட்டிக்கொண்டு போனார். வாளியில் இளம் பச்சை. மழைக்குப் பிறகு முளைக்கிற நெல்லின் பச்சை. அத்தான் வாளியைப் பார்த்தார். கையை விட்டு அள்ளிப் பார்த்தார். பிறகு கொட்டிலைப் பார்த்தார், அந்தக் குழியைத் தான் அங்கே வைத்ததற்குக் காரணம் அழகம்மாவின் பக்கத்திலிருந்து தூரமாக இருக்கட்டும் என்பதுதான் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். 

"கிணத்தை இறைக்காமல் விட்டிருந்தா வந்திருக்குமே தம்பி?" என்று, தகவல் கேட்டு வந்த பிரதாபனிடம் கேட்டார்.

பிரதாபனுக்கு அவரைக் கண்டு பாவமாக இருந்திருக்கும். ஆனாலும் மறைக்கவில்லை. "வந்திருந்தாலும் கொஞ்சமாத்தான் வந்திருக்கும் ஐயா. மருந்து போட்டிருந்தால் அதில இருந்த கிருமியும் செத்திருக்கும். அடிமட்டும் இறைச்சதாலதான் இழுத்துக்கொண்டு வந்தது."

அன்று மத்தியானம், பார்வையாளர் நேரத்துக்கு, அத்தானும் நானும் வைத்தியசாலைக்குப் போனோம். அக்கா அழகம்மாவின் கிணற்றில் தண்ணீர் கேட்டு வாங்கி, கொதிக்கவைத்து, போத்தலில் தந்துவிட்டார். அத்தான் அதை மறிக்கவில்லை. வழி முழுக்கப் போத்தலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிருசாந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. முகம் மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. எங்களைக் கண்டதும் சிரித்தாள். அத்தான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அது அழகம்மாவின்ர குழி இல்லை. எங்கட குழி. நான் இறைச்சதாலதான் உள்ளுக்கு வந்தது. அந்தத் தம்பி வேண்டாமெண்டு சொன்னவன். நான்தான் உனக்கு இதைச் செய்தனான்."

 அவள் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்டைக்கே தெரியுமப்பா. அந்தத் தண்ணி ஊத்தை மணம் மணத்தது."

"மணத்ததே?"

"முதல் கிளாசிலயே மணத்தது. நீங்கள் அப்பிடிப் பாடுபட்டு இறைச்சுப்போட்டு, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனியள். மணக்குது எண்டு சொன்னா நீங்கள் என்ன பாடுபடுவியள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் குடிச்சனான். பிறகும் குடிச்சனான்."

 அந்த வீட்டில் எல்லாருமே அவருக்குப் பயந்து அல்ல, அவருடைய பயத்துக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறோம். அரிசியில் வண்டு வந்தால் அக்கா சொல்லமாட்டார். வயலில் பூச்சி விழுந்தால் நான் சொல்லமாட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பிள்ளை மலக்குழித் தண்ணீரைக் குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டிலில் உட்காரக்கூடாது என்று தாதி முன்பே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் உட்கார்ந்தார்.

"இனிமேல் எனக்குச் சொல்லவேணும். நான் பயப்பிடுவன், அது போகாது. பயந்தாலும் பரவாயில்லை. நீ சொல்லு."

கிருசாந்தி அவரைப் பார்த்தாள். அவளுடைய கண் நிரம்பியது.

"அப்ப ஒண்டு சொல்லட்டே? காலமையிலயிருந்து பிள்ளை அசையேல்லை அப்பா. ரவுண்டில டொக்டர் கேக்கேக்க அசையுது எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வருவியள், கேட்டால் பயப்பிடுவியள் எண்டு, அசையும் அசையும் எண்டு பாத்துக்கொண்டு படுத்திருக்கிறன்."

அத்தான் எழும்பின வேகத்தில் போத்தல் விழுந்து உருண்டது. வாட்டின் வாசலுக்குப் போய், "மகள் சொல்லுறா, பிள்ளை அசையேல்லையாம், ஒருக்கா வாங்கோ" என்று தாதியிடம் சொன்னார். ஒருமுறை சொன்னார், இரண்டாவது தரமும் அதே சொல்லைச் சொன்னார். அவருடைய வாழ்நாளில் அவர் பட்ட பயத்தில் ஒரு பயமாவது சரியான ஆளிடம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். கருவியை வயிற்றில் வைத்துக் கேட்ட தாதியின் முகம் மாறியது. டொக்டர் ஓடிவந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கட்டிலை அப்படியே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறந்த பிள்ளை பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவரையும் அத்தானைப்போல ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. எடுத்தபோது உடனே அழவில்லை என்றார்கள். குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற அறைக்குக் கொண்டுபோய், மூக்கில் குழாய் பொருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வெளியே நின்று ஒரு தரம் பார்க்க விட்டார்கள். என் இரண்டு கைக்குள் அடக்கலாம், அவ்வளவுதான் ஆள்.

மாலைப் பார்வையாளர் நேரத்தில் கிருசாந்தி மயக்கம் தெளிந்து கண்விழித்தாள். அக்காவும் வந்திருந்தார். "எல்லாம் நல்லது, பிள்ளை சுகம் எண்டு சொல்லுங்கோ" என்று அக்கா அத்தானின் காதுக்குள் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். வெட்டுக் காயத்தோடு கிடக்கிறவளிடம் வேறென்ன சொல்வது?

"அப்பா, பிள்ளை?" என்றாள் அவள்.

அத்தான் குனிந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"பொம்பிளைப் பிள்ளை. நல்லாச் சின்னன். தானாய் மூச்சு விடக் கஸ்டப்படுறா, குழாய் வைச்சிருக்கினம். ரெண்டு மூண்டு நாள் போனால்தான் சொல்லலாம் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். பிறகு, "எனக்குப் பயமாக்கிடக்கு பிள்ளை" என்றார்.

"எனக்கும்தான் அப்பா" என்று சொல்லி, கிருசாந்தி அவருடைய கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.